பண்டிகை இல்லாத வண்டிகள்

ஆயுத பூஜையன்று சாயங்காலம், மாநிலத்தின் மின்சாரம் முழுவதையும் ஆட்டி வைக்கும் அந்தக் கட்டுப்பாட்டு அறையில் பொரியும் சந்தனமும் மணத்தன. மனிதர்களைவிட அதிகமாக யோசிக்கும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வரிசையாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். சுவரை அடைத்து நின்ற பெரிய திரையையும் விடவில்லை. அதில் யாரோ வைத்த பொட்டு நாகப்பட்டினம் மாவட்டத்தின் மேல் விழுந்து, அங்கே என்ன நடக்கிறதென்று பார்க்கவிடாமல் மறைத்துக்கொண்டிருந்தது.

பூங்கோதை மட்டும் பொரியைத் தொடவில்லை. சித்திரையில் அவளுடைய மாமனார் தவறிவிட்டார். வருஷம் திரும்பும்வரை வீட்டில் பண்டிகை கிடையாது. பண்டிகை இல்லாதவர்களாகப் பார்த்துப் பண்டிகை நாள் டியூட்டி போடுவதில் அரசு அலுவலகங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அப்படித்தான் அன்றைய ஷிப்ட்டுக்கு அவள் தலைமைப் பொறியாளராக வந்து உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், கொஞ்சம் இங்க வாங்களேன்.” உதவிப் பொறியாளன் நவநீதன் கூப்பிட்டான். வாயில் போட்ட சுண்டலை மெல்லாமலே நின்றான்.

“என்ன?”

“வண்டிங்க வரல.”

திரையின் நடுவில், மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் ஐம்பது என்ற எண் இருந்தது. அது நகராமல் நின்றால் நாட்டில் எல்லாம் சரி. மின்சாரம் போதாமல் அது இறங்கினால் கவலை. நாற்பத்தொன்பதுக்கு வந்துவிட்டால், மின் நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே கழன்றுகொள்ளும். மாநிலம் மொத்தமும் இருண்டு போகும். அப்படி ஒருமுறை விழுந்தால் தூக்கி நிறுத்த ரெண்டு நாளாவது ஆகும். இப்போது எண் ஐம்பதுக்குச் சற்றுக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தது.

பகலில் சூரியன் கொட்டிக் கொடுக்கும். அந்தியில் கையை விரித்துவிடும். அந்த அந்தி நேரத்துக்கு என்ன செய்வது என்பதுதான் ஆறு வருஷத்துக்கு முன் அரசாங்கத்தைப் பிடித்த தலைவலி. பதில் சொன்னவள் பூங்கோதை. மின்சார வண்டி வாங்குகிற எல்லோருக்கும் மானியம் கொடுங்கள், சாலை வரியைத் தள்ளுபடி செய்யுங்கள், ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள் என்றாள். வீட்டில் சும்மா நிற்கிற நேரத்தில் வண்டி மின் இணைப்பில் செருகியிருக்க வேண்டும். பகலில் அது சூரியன் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தியில் அதிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் மாநிலம் எடுத்துக்கொள்ளும். பகிர்வு விதி என்று பெயர் வைத்தார்கள்.

விதி வந்த கையோடு ஒசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தூத்துக்குடியிலும் தொழிற்சாலைகள் முளைத்தன. எங்கெங்கோ போக இருந்த கம்பெனிகள் இங்கே வந்து நிலம் கேட்டன. ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவர்கள் பேட்டரி கோர்க்கப் போனார்கள். இருபத்தைந்து லட்சம் வண்டிகள் சாலைக்கு வந்தபின், கடைசி அனல் மின் நிலையத்தையும் போன ஜூனில் விழா எடுத்து மூடினார்கள். அந்த மேடையில் பூங்கோதைக்கும் ஒரு சால்வை கிடைத்தது.

“லீவு நாள்தானே? எல்லா வண்டியும் வீட்டுலதானே நிக்கணும்?” என்றாள் பூங்கோதை.

“நிக்குது மேடம். ஊர்ல இருக்குற அத்தனை வண்டியும் வீட்டு வாசல்லதான் நிக்குது. ஆனா எதுவும் செருகல. இருபத்தஞ்சு லட்சத்துல ரெண்டு லட்சம்தான் லைன்ல இருக்கு.”

“கம்ப்யூட்டர் காலைல எத்தனை சொல்லுச்சு?”

“இருபத்திரண்டு லட்சம். லீவு நாள்னா வண்டி வீட்டுல இருக்கும், வீட்டுல இருந்தா செருகியிருக்கும்னு கணக்கு. பொங்கலுக்கு சரியா வந்துச்சு, தீபாவளிக்கு சரியா வந்துச்சு...” நவநீதனின் குரல் தேய்ந்தது. அவன் மெதுவாகத் தன் விரலைப் பார்த்தான். நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டியிருந்தது. “மேடம். காலைல நானே பிளக்கைக் கழட்டித்தான் வண்டியைக் கழுவுனேன். பொட்டு வச்சு மாலை போட்டேன். சார்ஜ் போடுற வாய்லகூடச் சந்தனம் வச்சேன். நாளைக்கு விஜயதசமி பூஜை முடிஞ்சுதான் தொடணும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க.”

அறையில் இருந்த மற்ற மூன்று பொறியாளர்களும் அவனைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் காலையில் அதையேதான் செய்துவிட்டு வந்திருந்தார்கள். கருவிக்கு ஓய்வு கொடுக்கிற நாளில் கருவியை நம்பி மாநிலத்தை நிறுத்தியிருக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டுக்காரன் எவனாவது செய்திருந்தால் சிரித்திருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்களே செய்த தப்பு இது.

“போன வருஷம் எப்படிச் சமாளிச்சோம்?”

“அனல் நிலையம் இருந்துச்சே மேடம். குறைஞ்சதை அது இழுத்துக்கிச்சு. நமக்குத் தெரியவே இல்ல.”

 பக்கத்து மாநிலங்களைக் கேட்டார்கள். அங்கேயும் அதே சூரியன்தான் இறங்கிக்கொண்டிருந்தது. கொடுக்க ஒன்றுமில்லை என்றார்கள். திரையில் எண் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“எல்லாருக்கும் மெசேஜ் போடுவோமா? வண்டியைச் செருகுங்கன்னு?” நவநீதன் கேட்டான்.

“செருகினதும் என்ன ஆகும்?”

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். செருகிய வண்டி முதலில் தன் வயிற்றைத்தான் பார்க்கும். கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்ட பிறகே கொடுக்க ஆரம்பிக்கும். மக்கள் பயப்படாமல் வண்டி வாங்க வேண்டும் என்று போட்ட ஏற்பாடு. பத்து லட்சம் வண்டிகள் ஒரே நேரத்தில் இழுக்க ஆரம்பித்தால் மாநிலம் அந்த நிமிஷமே படுத்துவிடும்.

மேசையிலிருந்த சிவப்பு போன் அடித்தது. மின்துறைச் செயலாளர் மெய்யப்பன். பின்னால் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் கேட்டன. சென்னையில் வாகனக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அன்று விளக்கேற்றும் நேரத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இங்கே தொழிற்சாலை தொடங்கக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

“பூங்கோதை, எண் இறங்குதுன்னு எனக்கு அலாரம் வருது. என்ன பண்றீங்க?”

அவள் சுருக்கமாகச் சொன்னாள். “வேற வழி இல்ல சார். மின்வெட்டு போடணும். ஊர் ஊரா மாத்தி மாத்தி, கொஞ்ச கொஞ்ச நேரம்.”

“மின்வெட்டா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க அமைச்சர் மேடையில நின்னு, ‘எங்க மாநிலத்துல வண்டிங்கதான் மின் நிலையம், இங்க கரண்ட் போகவே போகாது’ன்னு பேசிட்டு இருக்கார். அந்தக் கம்பெனிக்காரன் கைல பேனாவோட உக்காந்திருக்கான். அவன் தலைக்கு மேல விளக்கு அணைஞ்சா நேரா ஏர்போர்ட் போயிடுவான். அவன் போனா அவன் பின்னாடி வரிசையில நிக்கிற மத்தவனும் போவான். நான் எனக்காகப் பேசல பூங்கோதை. எத்தனை பசங்க அந்த வேலையை நம்பி உக்காந்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். இந்தத் தொழில் உங்க பிள்ளை.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“விதியில அவசரப் பிரிவுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?” என்றார் மெய்யப்பன். “செருகியிருக்குற வண்டியில இருந்து பத்துல ஒரு பங்கு மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்கலாம்னு நீங்கதானே எழுதினீங்க? எடுங்க. சூரியன் மறையறதுக்குள்ள எடுங்க.” போனை வைத்துவிட்டார்.

நவநீதன் கணக்குப் போட்டுப் பார்த்தான். “ரெண்டு லட்சம் வண்டியையும் அடிவரைக்கும் வழிச்சு எடுத்தா தாங்கிடும் மேடம். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை நாலு பேர் தலையில கட்டுற மாதிரிதான். ஆனா தாங்கிடும்.” அவசரப் பிரிவின் கட்டளைப் பலகையைத் திறந்து வைத்தான். தலைமைப் பொறியாளரின் கைரேகை பட்டால் போதும்.

பூங்கோதை கையை நீட்டினாள். பாதி வழியில் நிறுத்தினாள்.

“நவநீதன், என் வண்டி லைன்ல இருக்கா பாரு.”

அவன் தேடினான். “இருக்கு மேடம். மாடம்பாக்கம், உங்க வீடு. செருகித்தான் இருக்கு. உங்க வீட்ல மட்டும் எப்படி?”

“எங்களுக்குத்தான் இந்த வருஷம் பண்டிகை இல்லையே.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. மாமனார் அரசுப் பேருந்து ஓட்டுநர். ஆயுத பூஜைக்கு டிப்போவில் தன் பேருந்தில் வாழைக்கன்று கட்டாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் இருந்திருந்தால் இன்று காலை முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கியிருப்பார்.

“ஊரே வண்டியைக் கழட்டி மாலை போட்டு வச்சிருக்கு,” என்றாள் மெதுவாக. “இன்னிக்குப் போயி வண்டியைச் செருகி வச்சிருக்குறது யாரு?”

 அவரவருக்கே விளங்கிக்கொண்டிருந்தது. துக்க வீட்டுக்காரர்கள். இந்தப் பூஜை இல்லாத மசூதித் தெருக்காரர்கள், மாதா கோவில் தெருக்காரர்கள். பண்டிகையென்று பார்த்தால் வயிறு நிறையாத வாடகை வண்டிக்காரர்கள். வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, எந்த நேரமும் கிளம்ப வேண்டியிருக்கும் என்று காத்திருப்பவர்கள். எல்லோரிடமும் கொஞ்சமாக எடுக்கத்தான் அவள் விதி எழுதினாள். இன்று அது பண்டிகை இல்லாதவர்களிடம் மட்டும் மொத்தமாக எடுக்கப் போகிறது.

“உரிமையாளர் நம்பர் தெரியும்ல? ஒண்ணைப் போடு.”

“மேடம், சட்டப்படி நாம அவங்களைக் கேக்க வேண்டியதில்ல.”

“அந்தச் சட்டத்தை எழுதினவகிட்டயே சொல்றியா? போடு.”

முதல் அழைப்பு மேலப்பாளையத்துக்குப் போனது. காதர் மைதீன் என்ற வாடகைக் கார்க்காரர். பூஜைக்கு வண்டியைக் கழட்டவில்லையா என்று கேட்டாள். “நாங்க எங்க பூஜை போடப் போறோம்மா? திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குச் சவாரி இருக்கு. துபாய்ல தம்பி எறந்துட்டான்னு ஒரு வீட்ல மய்யித்தை எடுத்துட்டு வர்றாங்க, அவுக அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும். ஏன் கேக்குறிய?” என்றார். பூங்கோதை ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள்.

எண் இறங்கியது. நவநீதன் அடுத்த நம்பரைப் போட்டான். எடுத்ததுமே ஒரு பெண் குரல் படபடத்தது.

“யாருங்க? சீக்கிரம் சொல்லுங்க.”

“மின் பகிர்வு மையத்துல இருந்து பேசறேன்ம்மா. உங்க வண்டி...”

“நான் தையல்நாயகி, நர்ஸு. இது ஆரம்ப சுகாதார நிலையத்து ஜீப்புங்க. வேதாரண்யத்துக்குத் தெக்கால. வயல்ல ஒருத்தரைக் கட்டுவிரியன் கடிச்சுட்டு. மருந்து குடுத்தாச்சு, மூச்சு சரியில்ல, திருவாரூருக்குக் கொண்டுபோவணும். ஜீப்புல சார்ஜ் கம்மியா இருந்துச்சு, செருகிவச்சிருக்கோம். கொஞ்சம் ஏறுனா கெளம்பிடுவோம். கரண்ட்டு கிரண்ட்டு நிறுத்திடாதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

பூங்கோதை திரையைப் பார்த்தாள். நாகப்பட்டினத்தின் மேலிருந்த குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது.

“ஆம்புலன்ஸுக்கு விதியில விலக்கு இருக்கே சிஸ்டர்?”

“இது ஆம்புலன்ஸ்னு பதிவாவலீங்க. ஆம்புலன்ஸ்னா மானியம் வர ரெண்டு வருஷம் ஆவும்னாங்க. பொது வண்டின்னா ஒரே மாசத்துல வந்துடும்னு டாக்டரு அப்படியே எழுதி வாங்குனாரு. எல்லா ஊர்லயும் அப்படித்தான் வாங்கியிருக்காங்க.”

பொது வண்டிக்கு மானியம் சீக்கிரம் போக வேண்டும், அப்போதுதான் தொழில் வளரும் என்று சொன்னதும் பூங்கோதைதான். பொது வண்டியில் யாருக்கும் தனி விலக்கு கூடாது என்று சண்டை போட்டதும் அவள்தான். அமைச்சர் வண்டிக்கு ஒரு நியாயம், ஆட்டோவுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடக் கூடாது என்று நினைத்தாள். அந்த நல்ல எண்ணமெல்லாம் சேர்ந்து இப்போது ஒரு ஜீப்பைச் சுற்றி வளைத்து நின்றது.

“சிஸ்டர், நான் சொல்றதைக் கேளுங்க. இப்பவே பிளக்கை உருவுங்க.”

“இன்னும் ஏறலயே மேடம்?”

“இப்ப இருக்குறது திருவாரூர் வரைக்கும் போதுமா?”

“ஏசி போடாம, மெதுவா ஓட்டுனா... போவும்.”

“அப்ப உருவிட்டுக் கிளம்புங்க. ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க.”

மறுமுனையில் யாரையோ கூவி அழைப்பது கேட்டது. திரையின் மூலையில் ரெண்டு லட்சத்தில் ஒன்று குறைந்தது. பூங்கோதை மூச்சு விட்டாள். உடனே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒருத்திக்குச் சொன்னாயே, மற்ற ரெண்டு லட்சம் பேர் என்ன பாவம் செய்தார்கள்?

“நவநீதன், மெசேஜ் போடணும்னு சொன்னியே. போடலாம். நான் சொல்றபடி அடி.” அவள் சொல்லச் சொல்ல அவன் விரல்கள் தயங்கித் தயங்கி நகர்ந்தன. “‘மாநிலத்தில் மின்சாரம் போதவில்லை. உங்கள் வண்டியிலிருந்து அதிகமாக எடுக்கப் போகிறோம். இன்றிரவு உங்களுக்கு வண்டி தேவையென்றால் இப்போதே பிளக்கை எடுத்துவிடுங்கள். தேவையில்லையென்றால் அப்படியே விடுங்கள். உதவிக்கு நன்றி.’”

“மேடம், இதைப் படிச்சா எவன் விட்டு வைப்பான்? எல்லாரும் உருவிடுவாங்க. அப்புறம் நமக்கு அந்த ரெண்டு லட்சமும் இல்ல. உங்க வேலை போயிடும்.”

“வண்டி அவங்களோடது. போடு.”

மெசேஜ் போனது. சிவப்பு போன் அடிக்க ஆரம்பித்தது. யாரும் எடுக்கவில்லை. வெளியே சூரியன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. எண் நாற்பத்தொன்பதரையைத் தொட்டபோது நவநீதன் திரும்பிக்கொண்டான். அவனுக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

செருகியிருந்த வண்டிகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. ஒன்றரை லட்சத்துக்கு வந்தது. பிறகு கொஞ்சம் நிதானித்தது. ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் நின்றே விட்டது.

“நின்னுடுச்சு மேடம்! பாதிப் பேருக்கு மேல பிளக்கை எடுக்கவே இல்ல!”

பூங்கோதையின் செல்போனில் கணவன் திருமலையிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. ‘மெசேஜ் பாத்தேன். நமக்கு இன்னிக்கு எங்கயும் போக வேண்டாம். வண்டி இருக்கட்டுமா?’ இருக்கட்டும் என்று பதில் போட்டுவிட்டுக் கட்டளைப் பலகையில் விரலை வைத்தாள். எடுத்துக்கொள் என்று விட்டவர்களிடமிருந்து எடுத்தாள். போதாததற்கு மின்வெட்டு போட்டாள். வயிற்றில் சார்ஜை வைத்துக்கொண்டு வண்டிகள் மாலை போட்டு நிற்கிற நகரத்துத் தெருக்களிலிருந்து தொடங்கினாள். கண்காட்சி நடந்த வட்டாரத்தின் முறையும் வந்தது. நவநீதன் அவளைப் பார்த்தான். அவள் அதையும் அழுத்தினாள்.

எண் நாற்பத்தொன்பதரைக்குக் கீழே கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, மெல்ல மேலே வந்தது. பூங்கோதை அப்போதுதான் சிவப்பு போனை எடுத்தாள். மெய்யப்பன் கத்தவில்லை. “என்ன காரியம் பண்ணிட்டீங்க பூங்கோதை,” என்று மட்டும் கேட்டார். அவர் நின்ற இடத்தில் நாதஸ்வரம் இருட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது.

விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. அந்தக் கம்பெனிக்காரன் ஏர்போர்ட்டுக்கெல்லாம் ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் மானியத்தைக் கூட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு மறுவாரமே கையெழுத்துப் போட்டான். பூங்கோதையை விழுப்புரத்தில் ஒரு மீட்டர் கிடங்குக்கு மாற்றினார்கள். வேலை போகாததே பெரிது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். கேட்டதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தாமாக விட்டுக் கொடுத்தார்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள் என்று அவள் கமிட்டி முன் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். எண்பதாயிரம் பேர் உருவிக்கொண்டதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்கும் ஒரு திருத்தம் வந்தது. பண்டிகை நாட்களில் எல்லா வண்டியும் கட்டாயம் செருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மானியம் ரத்து. பற்றாக்குறை அறிவிப்பு வந்ததும் வண்டியின் வாயில் ஒரு கொக்கி பிளக்கைக் கவ்விக்கொள்ளும்; அறிவிப்பு முடியும்வரை விடாது. மருத்துவத் தேவை உள்ளவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் விலக்கு உண்டு. கட்டுவிரியனும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுக் கடிக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. கொக்கி செய்வதற்கென்றே மூன்று கம்பெனிகள் வந்தன. தொழில் இன்னும் வளர்ந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பூங்கோதையின் வீட்டில் பண்டிகை திரும்பியிருந்தது. லீவில் வந்திருந்தாள். திருமலை வண்டியைக் கழுவினான். பிளக் செருகியபடியே இருந்தது. மக்கள் எதற்கும் வழி கண்டுபிடித்துவிடுவார்கள். கேபிளில் சுற்றுவதற்கென்றே பிளக் மாலை என்று ஒரு சரம் பூக்கடையில் வந்திருந்தது. அவன் அதை வாங்கிச் சுற்றி, கொக்கியின் மேல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டான். பூஜையறையில் அருவாமனை, கத்தரிக்கோல், சுத்தியல், மாமனாரின் பழைய ஸ்பேனர் எல்லாம் பொட்டோடு அடுக்கியிருந்தன.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் வண்டியிலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. இருவர் செல்போனும் ஒலித்தன. ‘உங்கள் வாகனம் இன்று மாநிலத்துக்கு உதவுகிறது. உதவிக்கு நன்றி.’ கடைசி ரெண்டு சொல் பூங்கோதை போன வருஷம் எழுதியது. அதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் செல்போன் மறுபடி அடித்தது. தெரியாத நம்பர்.

“மேடம், நான் தையல்நாயகி. போன வருஷம் பிளக்கை உருவச் சொன்னீங்களே, அந்த ஜீப்பு. எழுதி வச்சிருந்த நம்பருக்குப் போட்டேன், நவநீதன்னு ஒருத்தரு, தன்னால எடுத்துவிட முடியாதுன்னு உங்க நம்பரைக் குடுத்தாரு.” அவள் மூச்சு வாங்கியது. “பிரசவமாயி ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல மேடம். திருவாரூருக்குக் கொண்டுபோவணும். விலக்கு கேட்டு எழுதுனது இன்னும் வரல, வண்டியில பிளக்கு வர மாட்டேங்குது. ரெண்டு ஆம்பளைங்க இழுத்துப் பார்த்துட்டாங்க. சார்ஜ் வேற எறங்கிட்டே இருக்கு. நீங்க அங்கேருந்து எடுத்து விடுங்க மேடம்!”

“நான் இப்ப அங்க இல்ல சிஸ்டர்.”

 போனில் அந்தப் பெண்ணின் அம்மாவோ யாரோ அழுவது கேட்டது.  மீட்டர் கிடங்குக்கு வந்திறங்கிய கொக்கிப் பெட்டிகளை அவள் பிரித்துப் பார்த்திருக்கிறாள். இருப்பதிலேயே மலிவான டெண்டருக்குப் போன சாமான்.

“சிஸ்டர், முதல்ல சுவத்துல மெயினை அணைங்க. அணைச்சாச்சா? சரி. பிளக்குக்கு மேல கறுப்பா ஒரு கொக்கி தெரியுதா? பாக்கத்தான் இரும்பு மாதிரி இருக்கும், வெறும் பிளாஸ்டிக். அங்க அரிவாள் இருக்கா?”

“இருக்கு மேடம்... ஆனா பூஜையில வச்சிருக்கு. போன வருஷம் பாம்பு கடிச்சுப் பொழைச்சாரே, அவருதான் அவரு அரிவாளை இங்க கொண்டாந்து, ஊசி, கத்தரியோட சேத்து வச்சுக் கும்புட்டாரு. இன்னைக்கு அதைத் தொடக் கூடாதும்பாங்க.”

பக்கத்தில் ஒரு ஆண் குரல் குறுக்கிட்டது. “நவுருங்க சிஸ்டரு. என் அரிவா, நான் எடுத்துக்கறேன்.”

ஓடும் காலடிகள் கேட்டன. ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. ஏதோ உடைந்து தரையில் தெறித்தது. கதவுகள் அறைந்தன. “வந்துட்டு மேடம்!” என்ற கத்தலோடு போன் அறுந்தது. அந்த ஜீப்பில் மிச்சமிருந்த சார்ஜ் எதுவரைக்கும் போகும் என்று அவள் கேட்க நினைத்தாள். கேட்க ஆளில்லை.

பூங்கோதை போனை வைத்தாள். பிறகு பூஜையறைக்குள் போய், பொட்டு வைத்திருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“நமக்கு இன்னிக்கு எங்கயும் போக வேண்டியதில்லையே பூங்கோதை?” என்றான் திருமலை.

“இல்லதான்,” என்றாள். “கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.”

அவள் மெயினை அணைத்துவிட்டுக் குனிந்து, கொக்கியின் மேலிருந்த சந்தனத்தை விரலால் துடைத்தாள்.